அத்தியாயம் 5: தொழுவத்தில் நிற்கும் வில்வண்டி

முதல் வில்வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாளே உப்புத்தாளை எடுத்துவிட்டேன். கரிவலம்வந்தநல்லூருக்குக் கிழக்கே ஒரு தொழுவத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் அசையாமல் நின்ற வண்டி அது. பக்கப் பலகையில் பச்சை பெயின்ட் செதில் செதிலாக உரிந்து தொங்கியது. தேய்த்துவிட்டுப் புது எனாமல் அடித்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்று நினைத்தேன். பச்சைக்கு அடியில் நீலம் வந்தது. நீலத்துக்கு அடியில் வெள்ளை எழுத்து தெரிந்தது: ஒரு 'ம', பக்கத்தில் ஒரு கொம்பு, பிறகு ஓர் எண்ணின் பாதி. கையை நிறுத்தும்போது மற்ற எழுத்துகள் தூளாகிக் காலடியில் கிடந்தன. வண்டியைச் செய்யச் சொன்னவர் யார், எந்த வருஷம் என்று சொல்ல அந்தப் பலகையை விட்டால் வேறு சாட்சி இல்லை. அதை நானே அழித்தேன். அந்த வண்டி இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. ஒரு பக்கம் பாதி தேய்ந்து, மறுபக்கம் பழையபடியே.

அதனால்தான் இந்த அத்தியாயம் வண்டியைப் புதுப்பிப்பது பற்றி அதிகம் பேசாது. பழைய வண்டியை எப்படிப் பார்ப்பது, எப்படி வாங்குவது, வாங்கிய பின் எதையெல்லாம் செய்யாமல் இருப்பது என்பதே இதில் பெரும்பகுதி.

பார வண்டி வேறு, வில்வண்டி வேறு. பார வண்டி எருவும் நெல்லும் பருத்திப் பொதியும் சுமந்தது. வில்வண்டி மனிதர் போய்வரச் செய்தது. அச்சுக்கும் தொட்டிக்கும் நடுவே அடுக்கிய இரும்புப் பட்டைகளாலான வில் இருக்கும். பாதையின் குண்டு குழிகளை அது வாங்கிக்கொள்ளும். மேலே மூங்கிலை வளைத்துப் பாய் வேய்ந்த கூண்டு. உள்ளே வைக்கோல் பரப்பி அதன்மேல் ஜமுக்காளம். பின்னால் ஏற ஓர் இரும்புப் படி, கீழே மாட்டுத் தீவனம் போட ஒரு வலை, அரிக்கேன் தொங்கவிட ஒரு கொக்கி. ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போகிற குடும்பத்துக்கு இரண்டு நாள் இதுவே வீடு. விருதுநகர்–தென்காசி ரயில் பாதை 1927இல் வந்த பிறகும் வில்வண்டிக்கு வேலை குறையவில்லை. கரிவலம் ஸ்டேஷனிலோ பாம்புக்கோவில் சந்தையிலோ இறங்கியவர் உள்ளூருக்குப் போக வண்டிதான் வர வேண்டும். அதன் வேலையை எடுத்துக்கொண்டவை டவுன் பஸ்ஸும் மினி பஸ்ஸும்தான்.

பழைய வண்டியைச் சேகரிக்கும் இதே ஆசை உள்ளவர்கள் அமெரிக்காவில் வேறொரு வண்டியைத் தேடுகிறார்கள். காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் அலுமினிய வீடு அது. கிளைடர் செய்துவந்த ஹாலி பௌலஸ் 1934இல் ரோடு சீஃப் என்ற வண்டியைக் கொண்டுவந்தார். வாலி பயாம் 1936இல் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பரை விற்கத் தொடங்கினார். விமானத்தின் உடம்பைப் போலத் தகடுகளை ரிவெட் அடித்து இணைத்தவை அவை. 1950களிலும் 60களிலும் வந்த அப்படிப்பட்ட வண்டிகளுக்கு இன்றும் கிராக்கி. அந்தச் சேகரிப்பாளர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அந்த அலுமினியத் தகட்டின் மேல் மிக மெல்லிய தூய அலுமினியப் படலம் இருக்கிறது. உள்ளே இருக்கும் கலப்பு உலோகம் அரித்துப்போகாமல் காப்பது அதுதான். கண்ணாடி போல மின்ன வேண்டும் என்று ஒவ்வொரு தடவை மெருகேற்றும்போதும் அந்தப் படலம் கொஞ்சம் போகிறது. போனது திரும்புவதில்லை. நம் வண்டியில் அந்தப் படலத்தின் இடத்தில் இருப்பது பழைய பெயின்ட்டும், எண்ணெய் இறங்கிய மரமும், கை பட்டுப் பட்டு ஏறிய வழவழப்பும்.

ஆகவே 'அசல்' என்ற சொல்லை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஆசாரியின் பட்டறையிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டி கிடைப்பது மிக அரிது. உழைத்த காலத்தில் பழுதாகி, ஊர்க் கொல்லரும் ஆசாரியும் ஒட்டுப் போட்ட வண்டிதான் நம் கையில் அகப்படும். என் பார்வையில் அதுவும் அசல்தான். இன்னும் சொல்லப்போனால் அதற்கே என் மனசு சாயும். உடைந்த ஆரக்காலுக்குப் பக்கத்தில் இரும்புப் பட்டை வைத்து முடுக்கியிருப்பது, கிழிந்த பாய்க்கு மேல் தார்ப்பாய் தைத்திருப்பது எல்லாம் வண்டி ஓடிய கதை. அந்த ஒட்டைப் பிரித்துப் புது ஆரக்கால் போடச் சொல்லாதீர்கள். ஓட்டல் வாசலுக்கும் கல்யாணப் படமெடுப்புக்கும் என்று சமீபத்தில் செப்பனிட்டு, சிவப்பும் மஞ்சளும் அடித்து நிற்பவை தனி வகை. அலங்காரத்துக்கு வேண்டுமானால் வாங்கலாம். சேகரிப்புக்கு வேண்டாம்.

எங்கே தேடுவது? கடைத்தெருவில் தொடங்காதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு போன்ற பழம்பொருள் கடைவீதிகள் கண்ணைப் பழக்கிக்கொள்ள நல்ல இடம். ஆனால் கடைக்கு வந்து சேர்ந்த வண்டிக்குப் பின்னால் ஊரும் இல்லை, பெயரும் இல்லை. தனிச் சக்கரம் விற்றால் வாங்காதீர்கள் என்பது என் கண்டிப்பான கருத்து. சுவரில் சாய்த்து வைக்கச் சக்கரத்துக்குத் தேவை கூடக் கூட, முழு வண்டிகள் கழற்றப்படும்.

கரிவலத்தை நடுவாக வைத்துக்கொண்டால் தேட இரண்டு திசை இருக்கிறது. மேற்கே சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று மலையடிவாரத்துக் குளத்துப் பாசன ஊர்கள். கிழக்கே திருவேங்கடம், குருவிகுளம், கழுகுமலை என்று கரிசல். கரிசல் ஊர் வண்டிகளில் சக்கரத்தின் உள்பக்கம் காய்ந்த கருப்பு மண் அப்பியிருக்கும்; அதைத் தட்டி உதிர்க்க வேண்டாம், வண்டி எந்தப் பக்கம் ஓடியது என்பதற்கு அதுவும் அடையாளம். பெரிய வீட்டு வாசலை விட அதன் பின்கட்டைக் கேளுங்கள். மாடு விற்றுப்போன தொழுவம், வைக்கோல் படப்பை ஒட்டிய சாய்ப்பு, பழைய நெல் குதிர் இருக்கும் அறை, இங்கேதான் வண்டி ஒதுங்கியிருக்கும். ரேக்ளா ஓட்டுகிறவர்களிடமும் பேசிவையுங்கள். பந்தய வண்டி அளவிலும் எடையிலும் வேறாக இருந்தாலும், எந்த ஊரில் எந்த ஆசாரிக்கு இன்னும் சக்கர வேலை தெரியும் என்பது அவர்களுக்கே அத்துபடி.

கேட்கும் முறைக்கும் ஒரு பக்குவம் வேண்டும். போனவுடன் விலை பேசினால், "விறகுக்கா தம்பி கேக்கீக?" என்றுதான் பதில் வரும். அப்படிக் கேட்கிறவர் வருத்தத்தில் கேட்கிறார் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். அந்த வண்டியில் ஏறி அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த ஆச்சி பெரும்பாலும் உள்ளேதான் இருப்பார். "வண்டியப் பாக்கத்தான் வந்தேன் ஆச்சி, குடுக்கதும் குடுக்காததும் உங்க இஷ்டம்" என்று சொல்லி உட்காருங்கள். சில வீடுகளுக்கு நான்கு முறை போயிருக்கிறேன். தர மாட்டோம் என்று சொன்ன வீட்டில் வண்டியை எப்படிப் பாதுகாப்பது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வண்டி அதன் வீட்டிலேயே நல்லபடி இருந்துவிட்டால் அதைவிட நல்லது வேறில்லை.

இனி வண்டியைப் பார்ப்பது. காலை பத்து மணிக்கு முன்னால் போங்கள். சாய்ந்த வெயிலில்தான் பலகையில் அழிந்த எழுத்தின் மேடு தெரியும். வெயில் இல்லையென்றால் டார்ச்சைப் பலகைக்குப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பெயர், வருஷம், 'சிவமயம்', ஒரு பூவேலை என்று ஏதாவது இருக்கும். அடுத்து வரி வில்லை. நகராட்சிகளும் பஞ்சாயத்துகளும் வண்டிக்கு வரி வாங்கிய காலத்தில் கொடுத்த சிறு தகடு அது. ஏர்க்காலிலோ தொட்டிச் சட்டத்திலோ ஆணி வைத்து அடித்திருப்பார்கள். தகடு போயிருந்தாலும் அது இருந்த இடத்தில் மரம் வேறு நிறத்தில் இருக்கும். வண்டியின் வயதுக்கு அந்தத் தகட்டை விட உறுதியான சான்று அரிது.

அதற்கு அடுத்த சான்று போல்ட். இந்தியாவில் மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956இல் வந்தது. பட்டறைகளுக்குப் படிப்படியாகத்தான் போய்ச் சேர்ந்தது. மில்லிமீட்டர் ஸ்பானர் கச்சிதமாகப் பிடிக்கும் அறுகோணத் தலை இருந்தால் அந்த போல்ட் பின்னால் போட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அங்குல அளவுச் சதுரத் தலை போல்ட் இருப்பதால் மட்டும் வண்டி பழையது என்று முடிவு கட்டாதீர்கள். அவை பல வருஷம் கூடவே புழங்கின. கொல்லர் அடித்த ஆணியின் தலை ஒன்றைப்போல ஒன்று இருக்காது. வில்லின் பட்டைகளையும் எண்ணிப் பாருங்கள், இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையா என்று. ஒரு பக்கம் லாரி வில்லை வெட்டிப் போட்டிருக்கக்கூடும். அப்படியிருந்தால் அந்தப் பக்கம் தொட்டி சற்று உயர்ந்து நிற்கும்.

மரத்தை அறிய ஓர் ஆசாரியைக் கூட்டிப்போவது நல்லது. நம் பக்கத்தில் சக்கரத்தின் நடுவே இருக்கும் குடத்துக்கும் ஆரக்காலுக்கும் கருவேலம் வழக்கம். நாட்டுக் கருவேலத்தைச் சொல்கிறேன், வேலிக்காட்டில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை அல்ல. சக்கரத்தின் விளிம்பாகச் சேரும் வளைந்த துண்டான வட்டைக்கு வாகையோ பூவரசோ போட்டிருப்பார்கள். வசதியான வீடு என்றால் தொட்டிச் சட்டத்துக்குத் தேக்கு; செங்கோட்டை மரக்கடைகள் பக்கத்திலேயே இருந்ததால் தேக்கு கிடைப்பதில் கஷ்டமில்லை. ஆசாரி சொல்லும் பெயர்களை அவர் உச்சரித்தபடியே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே உறுப்புக்குச் சிவகிரியில் ஒரு சொல், திருவேங்கடத்தில் ஒரு சொல். கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டாரச் சொல்லகராதி கையில் இருந்தால் ஆசாரி சொல்வது பிடிபடும்.

உளுத்த மரமா என்று தட்டிப் பார்த்தால் தெரியும். ஓசை மந்தமாக விழும். வண்டு துளைத்த ஓட்டை இருந்தாலே பயப்பட வேண்டியதில்லை, வண்டு எப்போதோ போயிருக்கலாம். கறுப்புத் துணியை அடியில் விரித்துப் பத்து நாள் விடச் சொல்லுங்கள். மாவு போலப் புதுத் தூள் விழுந்திருந்தால் உள்ளே இன்னும் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

சக்கரத்துக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அவசரப்பட்டு நாம் கெடுப்பதும் அதைத்தான். பெரும்பாலான சக்கரத்தில் ஆறு வட்டை, பன்னிரண்டு ஆரக்கால். ஒரு வட்டைக்கு இரண்டு கால். இத்தனை துண்டுகளையும் சேர்த்துப் பிடிப்பது பசையோ ஆணியோ இல்லை, வெளியே சுற்றியிருக்கும் இரும்புப் பட்டா. சக்கரத்தின் சுற்றளவை விடக் கொஞ்சம் சிறிதாகப் பட்டாவைச் செய்து, வறட்டியை வட்டமாக அடுக்கித் தீயில் பழுக்கக் காய்ச்சுவார்கள். நாலடி உயரச் சக்கரத்தின் பட்டா நானூறு டிகிரி சூடேறினால் முக்கால் அங்குலம்போல நீளும். அந்த நீட்சி இருக்கும்போதே நாலு பேர் இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தில் மாட்டித் தட்டி இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும்போது மரம் முறுகும் சத்தம் கேட்கும். ஒவ்வொரு காலும் குடத்துக்குள் போய் இறுகும்.

நம் ஊர்க் காற்றுக்கு இந்த இறுக்கம் தளரும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழி வரும் காற்று மலைக்கு அந்தப் பக்கம் மழை தரும். நமக்கு வரும்போது பல நாள் வெறும் வறண்ட காற்று. மரம் சுருங்கிப் பட்டா ஆடும். ஐப்பசி மழைக்கு மறுபடி ஊதி இறுகும். ஓடும் வண்டி என்றால் ராத்திரி குளத்தில் சக்கரத்தை ஊறப்போட்டு எடுப்பார்கள். சேகரித்த வண்டிக்கு அது கூடாது. பெயின்ட் எழும்பிவிடும், பட்டாவின் உள்பக்கம் துரு ஏறும். ஆடுகிற பட்டாவுக்கும் வட்டைக்கும் நடுவே மெல்லிய மரச் சிம்புகளைப் பசை இல்லாமல் செருகிவையுங்கள். என்றைக்கு வேண்டுமானாலும் உருவிவிடலாம். பட்டாவை வெட்டிக் குறைத்து மறுபடி கட்டுவது கடைசி வழி. சக்கரம் கழன்று விழும் நிலை வந்தாலொழிய அதற்குப் போகாதீர்கள். அந்தத் தீயில் வட்டையின் பழைய விளிம்பு கருகிவிடும்.

விலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு சக்கரம், அச்சு, இரண்டு வில், ஏர்க்கால், நுகத்தடி, கடையாணி, படி எல்லாம் அந்த வண்டியோடு பிறந்தவையாக இருந்தால் கேட்ட விலை கொடுக்கலாம். கூண்டுப் பாய் கிழிந்திருப்பதற்காகப் பேரம் பேசாதீர்கள், கிழிந்த பாயும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். நுகத்தடியும் கடையாணியும் வேறு மூலையில் கிடக்கும். தேடி எடுக்காமல் கிளம்பக் கூடாது. கோயில் வாகனம், தேர்ச் சிற்பம் போன்றவற்றை யாராவது சேர்த்துத் தந்தால் தொடவே வேண்டாம். நூறு வருஷம் கடந்த பொருளைத் தொல்பொருளாகக் கொண்டு, வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது; கோயில் பொருள் கோயிலுக்கே உரியது.

'குட்டியானை' என்ற சிறு லாரியில் ஏற்றிக் கொண்டுவருவதுதான் இப்போது வழக்கம். சக்கரத்தைக் கழற்றும் முன் இடம், வலம் என்று துணிச்சீட்டில் எழுதிக் கட்டுங்கள், கடையாணிக்கும் அப்படியே. வருஷக்கணக்காக ஒரு பக்கமே ஓடிய குடம் அந்தப் பக்கத்து அச்சுக்கு ஏற்றபடி தேய்ந்திருக்கும், மாற்றிப் போட்டால் சக்கரம் கோணி நிற்கும். கயிறு கட்டும் இடமெல்லாம் சாக்கை மடித்து வையுங்கள். பழைய பெயின்ட் கயிறு உரசிப் போவதுதான் வழியில் அதிகம் நடக்கும் சேதம்.

வீட்டுக்கு வந்ததும் வாட்டர் சர்வீஸுக்குக் கொண்டுபோக வேண்டாம். பெயின்ட் அடிக்கும் மெத்தென்ற பிரஷால் தூசியைத் தட்டுங்கள். போதாதென்றால் மறைவான மூலையில் சோதித்துப் பார்த்துவிட்டு, பிழிந்த ஈரப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். சோப்பும் சீயக்காயும் வேண்டாம், வார்னிஷ் வேண்டவே வேண்டாம். பழைய பெயின்ட்டில் ஈயம் கலந்திருக்கலாம், ஆகவே தேய்ப்பது வண்டிக்கு மட்டுமல்ல, உங்கள் நுரையீரலுக்கும் பிள்ளைகளுக்கும் கேடு. நான் அன்று மூக்கைக் கூட மூடாமல் தேய்த்தேன். குடத்தின் வெளியே வழிந்து கட்டியாகிப்போன வண்டி மை வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்தது, அப்படியே விட்டுவிடுங்கள். அச்சுமுனைக்கு மட்டும் பழையதைத் துடைத்துப் புது மை போடலாம்.

இரும்பில் பொருக்காக எழும்பிய துருவைப் பித்தளைக் கம்பி பிரஷால் எடுத்துவிட்டு, கடுக்காய் காய்ச்சிய நீரைத் துணியால் தடவுங்கள். கடுக்காயின் துவர்ப்பு துருவோடு சேர்ந்து கறுப்பாகப் படியும். அந்தக் காலத்து எழுதும் மை செய்ததும் இதே முறையில்தான். படியின் அடியில் ஒரு விரலகலம் போட்டுப் பார்த்து, நிறம் சரி என்றால் மேற்கொண்டு போகலாம். மரத்தில் பட்டால் கறை. வண்டு இருக்கும் இடத்தில், பெயின்ட் இல்லாத மரமாக இருந்தால், வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரைப் பிரஷால் இரண்டு மூன்று தடவை ஊட்டலாம்.

நிறுத்தும்போது அச்சுக்கு அடியில் இரண்டு பக்கமும் கல் அடுக்கிச் சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி நிறுத்துங்கள். ஏர்க்காலுக்கு ஓர் ஊன்றுகட்டை. மாதம் ஒருமுறை சக்கரத்தைக் கால் சுற்றுச் சுற்றிவிட்டால் சக்கரத்தின் எடை ஒரே பக்கம் தொங்கிக்கொண்டிருக்காது. தகரக் கூரை என்றால் கீழே ஓலைத் தட்டி கட்டுங்கள், மேற்கு வெயில் படும் பக்கம் பாய் தொங்கவிடுங்கள். கரையானுக்கு மருந்தை விட நல்லது, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நிறுத்தி வாரம் ஒருமுறை குனிந்து பார்ப்பது.

கடைசியாக ஒரு நோட்டு. வண்டி அந்த வீட்டை விட்டுப் புறப்படும் முன்பே எழுதத் தொடங்குங்கள்: செய்த ஆசாரியின் ஊர், மரம் வந்த இடம், கட்டிய மாடுகளின் பெயர், போன திருவிழாக்கள். யார் ஓட்டினார், யார் மை போட்டார், யாருக்கு அதில் ஏற இடமில்லை என்பதையும் எழுதுங்கள். மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரில் 1893ஆம் ஆண்டு ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த அய்யன்காளி ஒரு வில்வண்டியை வாங்கி, தம் மக்கள் நடக்கவே தடை இருந்த பொதுச்சாலையில் அதை ஓட்டிப் போனார். அன்று செங்கோட்டையும் அதே திருவிதாங்கூர்தான். 1956இல்தான் அது சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. வில்வண்டியில் யார் உட்காரலாம் என்பதற்கு ஒரு போராட்டம் நடந்திருக்கிறது. நம் தொழுவங்களில் நிற்கும் வண்டிகளும் அந்த உலகத்தில் ஓடியவைதான், அதை விட்டுவிட்டுப் பலகையின் பூவேலையை மட்டும் எழுதினால் நோட்டு அரைகுறை.

வீட்டில் அந்த வண்டியில் போன மூத்தவர் யாராவது இருந்தால், புறப்படும் முன் ஒருமுறை ஏறி உட்காரச் சொல்லுங்கள். போன வருஷம் ஓர் ஆச்சியைப் பேத்திகள் இருவர் கைகொடுத்து ஏற்றிவிட்டார்கள். எந்தப் பக்கம் உட்காருவீங்க ஆச்சி என்று கேட்டேன். யோசிக்காமல் வலப்பக்கம் நகர்ந்து, பின்கூண்டின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டார். "சாமான் மூட்டைய அந்தப் பக்கம் வப்பாக. நான் இங்கதான். இந்தக் கம்ப விட்டா விழுந்திருவேன்லா" என்றார். அவர் கை இருந்த இடத்தில் மூங்கில் தேன் நிறத்தில் வழவழவென்று இருந்தது; இடப்பக்கத்து மூங்கிலில் அது இல்லை. அன்று நோட்டில் முதல் வரியாக அதைத்தான் எழுதினேன்.